சம்பளமில்லாத நாற்காலி: சிறப்பு மருத்துவருக்கு எந்தக் குழு?

கொள்கைக் குழுவுக்கு நேரம் கொடுக்க முன்வரும் சிறப்பு மருத்துவருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு முன்பு படிக்க வேண்டிய காகிதக் கட்டுக்கு மட்டும் குறைவிருக்காது. சரி, எந்தக் குழுவில் சேருவது? பெயரையும் பெருமையையும் விட்டுவிட்டு நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: ஓட்டு யார் கையில் இருக்கிறது?

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 1984இல் தொடங்கியது. 16 தன்னார்வ உறுப்பினர்கள், நான்காண்டுப் பதவிக்காலம். இவர்கள் ஒரு பரிசோதனைக்கு 'ஏ' அல்லது 'பி' தரம் கொடுத்தால், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் அதை நோயாளியிடம் காசு வாங்காமல் தர வேண்டும். இவ்வளவு பலமுள்ள குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் குடும்ப மருத்துவர்கள், பொது மருத்துவர்கள், குழந்தைகள் நல மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள், செவிலியர்கள். சிறுநீரியல் மருத்துவரோ கதிரியக்க மருத்துவரோ யோசனை சொல்லலாம், வரைவு வெளியாகும்போது கருத்து எழுதலாம். ஓட்டு மட்டும் இல்லை.

ஓட்டு இல்லாத கோபம் 2012இல் வெடித்தது. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறியும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை வழக்கமாக வேண்டாம் என்று குழு 'டி' தரம் கொடுத்தது. எங்களில் ஒருவர்கூட உள்ளே இல்லாமல் எப்படி முடிவெடுக்கலாம் என்று சிறுநீரியல் மருத்துவர்கள் கேட்டார்கள். 2018இல் 55 முதல் 69 வயதுவரை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று 'சி'யாக மாறியது. மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் படத்தின் கதையும் இப்படித்தான்: வழக்கமாகத் தொடங்கும் வயது 2009இல் 50 ஆனது, 2024இல் 40க்குத் திரும்பியது. நிபுணர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பரிசோதனையால் பிழைப்பு நடத்துபவரே அது தேவையா என்று ஓட்டுப் போடுவதும் எனக்கு உறுத்துகிறது.

அந்த உறுத்தலுக்கு நேர் உதாரணம், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1991இல் அமைத்த 'ரக்' குழு. ஒவ்வொரு சிகிச்சைக்கும், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கான ஒப்பீட்டு மதிப்பை இது பரிந்துரைக்கிறது. அரசு பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. இங்கே நாற்காலிகள் பெரும்பாலும் சிறப்புத்துறைச் சங்கங்களுக்குத்தான். ஓர் அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அதைச் செய்பவர்களிடமே கேட்டு வாங்குகிறார்கள். பரிமாறுகிறவர் நம்மவரானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன! குறை சொல்பவர்கள் குடும்ப மருத்துவர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்ற விதி கொஞ்சம் கடிவாளம் போடுகிறது, அவ்வளவுதான்.

எந்த மருந்து, எந்தச் சிகிச்சை தகும் என்று அரசு மருத்துவச் சேவைக்குச் சொல்லும் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 1999இல் பிறந்தது. அதற்குள்ளேயே இரண்டு விதமான இருக்கைகள் உண்டு. புது மருந்தை மதிப்பிடும் குழுவுக்கு நிபுணராகப் போனால் கேள்விக்குப் பதில் சொல்வீர்கள், ஓட்டு கிடையாது. குழு 'சரி' என்றால் தேசிய சுகாதாரச் சேவை வழக்கமாக 3 மாதத்துக்குள் பணம் ஒதுக்கியாக வேண்டும். சிகிச்சை வழிகாட்டிக் குழுவிலோ முடிவெடுப்பதில் உங்களுக்கு முழுப் பங்கு உண்டு. பக்கத்தில் நோயாளிகள் தரப்பிலிருந்து குறைந்தது 2 பேர் இருப்பார்கள். மருந்து நிறுவனத்தோடு உங்களுக்குள்ள தொடர்பை முதலிலேயே எழுதித் தர வேண்டும். அது நேரடியாக இடித்தால் அந்த விவாதத்தின்போது வெளியே போகச் சொல்வார்கள். ஆனால் வழிகாட்டியை மருத்துவமனைகள் அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓட்டு இருக்குமிடத்தில் பலம் குறைவு, பலம் இருக்குமிடத்தில் ஓட்டு இல்லை.

நாற்காலியின் உறுதியையும் பார்க்க வேண்டும். 2025 ஜூனில் அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் சுகாதார அமைச்சர் ஒரேயடியாக நீக்கினார். அதே மாதம், தடுப்புச் சேவைகள் குழு உறுப்பினர்களையும் அமைச்சர் நினைத்தால் நீக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்காண்டு என்பது காகிதத்தில்தான்.

என்னைக் கேட்டால் நைஸ் வழிகாட்டிக் குழு. நம் துறையின் பழக்கத்தை நோயாளி ஒருவர் எதிரே உட்கார்ந்து 'எதற்கு?' என்று கேட்கும் இடம் அது. மூன்று வாரத்துக்குமேல் ஒதுக்க முடியாதவருக்கு, வரைவுக்குக் கருத்து எழுதுவதே போதும்; அமெரிக்கப் பணிக்குழு அதற்கு நான்கு வாரம் தருகிறது.