சான்டானா ரோவா, ஸ்டான்ஃபோர்டா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், எதுவும் வாங்காவிட்டாலும் காலாற நடக்க நல்ல இடமாக வேண்டும் என்று சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். சான் ஹோசேயில் சான்டானா ரோ கடைத்தெரு, பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்ட் ஷாப்பிங் சென்டர். இரண்டும் திறந்தவெளி, இரண்டிலும் விலை எக்கச்சக்கம். அழகுதான் வேறு வேறு.

ஸ்டான்ஃபோர்ட் மூத்தது, 1955-இல் திறந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நிலத்தை விற்கக்கூடாது என்பது அதை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் தம்பதி வைத்த நிபந்தனை. விற்க முடியாத நிலத்தில் குத்தகை வருமானம் பார்க்க வந்த இடங்களில் இதுவும் ஒன்று. இங்கே அழகு என்றால் செடிகள்தான். நடைபாதை நெடுகத் தொட்டி தொட்டியாய்ப் பூக்கள், காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போனால் ஈர மண் வாசனையே வரும். ப்ளூமிங்டேல்ஸ், நார்ட்ஸ்ட்ராம் எல்லாம் இருப்பதால் நிஜமாகவே துணி வாங்குகிறவர்களுக்கு இதுதான் வசதி. கார் இல்லையா, கால்ட்ரெயின் ரயிலில் வந்து பாலோ ஆல்டோவில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். ஆனால் கடை மூடியதும் அவ்வளவுதான், சுற்றிலும் வெறும் கார் நிறுத்துமிடம்.

சான்டானா ரோ அங்கேதான் ஜெயிக்கிறது. கீழே கடை, மேலே வீடு; நம் ஊர்க் கடைத்தெருவில் இருக்கிற அதே அமைப்பு. 2002 ஆகஸ்டில், திறக்கப் போகிற சமயத்தில், கட்டிக்கொண்டிருந்த பெரிய கட்டடம் ஒன்று தீப்பிடித்து எரிந்துபோனது. அப்படியும் நவம்பரில் திறந்துவிட்டார்கள். ஐரோப்பியத் தெரு மாதிரி போட்ட சினிமா செட் என்று சிலர் குறை சொல்வார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. பால்கனியில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார், இன்னொருவர் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கி வருகிறார், தெருவில் மனிதர்கள் குடியிருக்கும்போது அது எப்படி செட் ஆகும்? நடுவில் பெரிய ஓக் மரங்கள், பெஞ்சுகள், அப்புறம் அந்த ராட்சத சதுரங்கப் பலகை. ஒரு பொடியன் தன் உயரத்துக்கு இருந்த குதிரையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி இரண்டு கட்டம் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே மூன்றாவது கட்டம் எந்தப் பக்கம் என்று அப்பாவைக் கேட்டான். என் அம்மா அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைப்பக்கம் திரும்பவேயில்லை.

காலை நேரம், அமைதி, வாங்க வேண்டிய பட்டியல் என்றால் ஸ்டான்ஃபோர்ட். சாயங்காலம், பெரியவர்கள், குழந்தைகள் என்றால் யோசிக்காமல் சான்டானா ரோ. எனக்குப் பிடித்ததும் அதுதான். சனிக்கிழமை என்றால் ஐந்து மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், எதிரே வேலி ஃபேர் மாலும் இருப்பதால் ஸ்டீவன்ஸ் கிரீக் சிக்னலில் வண்டி நகராது. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பகலில் என்ன வெயில் அடித்தாலும் பொழுது சாய்ந்தால் குளிர ஆரம்பித்துவிடும்.