ஐபோனில் பயர்பாக்ஸ்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆண்ட்ராய்டில் பல ஆண்டுகள் பயர்பாக்ஸைப் பயன்படுத்திவிட்டு, 2021இன் இறுதியில் ஐபோனுக்கு மாறியபோது அதே உலாவியைத்தான் முதலில் நிறுவினேன். புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் அப்படியே வந்து சேர்ந்தன. விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சியான யுபிளாக் ஆரிஜின் மட்டும் வரவில்லை. அமைப்புகள் முழுவதும் துழாவிய பிறகே, ஐபோனில் பயர்பாக்ஸின் சொந்த எஞ்சினான, அதாவது வலைப்பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் உள்மென்பொருளான, கெக்கோவுக்கு இடமில்லை என்பது தெரிந்தது. இணையத்தில் உலாவ உதவும் செயலிகள் எல்லாம் ஆப்பிளின் எஞ்சினான வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப் ஸ்டோரின் 2.5.6ஆம் விதி. குரோமும் எட்ஜும்கூட அங்கே சட்டை மாற்றிய சஃபாரிதான், அதாவது ஆப்பிளின் சொந்த உலாவிதான்.

இதனால் தனியுரிமைக்கு என்ன கேடு என்பது 2022 ஜனவரியில் விளங்கியது. ஒரு தளம் தன் தரவைச் சேமிக்க உலாவியில் உருவாக்கும் இன்டெக்ஸ்டுடிபி என்ற வகைத் தரவுத்தளத்தின் பெயரை வேறு தளங்களும் பார்க்க முடிகிற பிழை ஒன்று அப்போது வெப்கிட்டில் வெளிச்சத்துக்கு வந்தது. கூகுள் தளங்கள் அந்தப் பெயரிலேயே பயனரின் அடையாள எண்ணைச் சேர்த்துவைத்திருந்ததால், முன்பின் தெரியாத தளம்கூட வந்திருப்பவர் யார் என்பதை ஊகிக்க வழி இருந்தது. மேக் கணினி வைத்திருந்தவர்கள் வேறு உலாவிக்கு மாறித் தப்பித்தார்கள். ஐபோனில் எதற்கு மாறினாலும் அதே பிழைதான். அம்மாதக் கடைசியில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 15.3 பதிப்பு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனாலும் இந்தக் கட்டாயத்தால் ஒரு நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாம் தரப்புக் குக்கிகளை (நாம் பார்க்கும் தளத்தைத் தவிர்த்த பிறர் நம்மைப் பின்தொடர உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) வெப்கிட் தானாகவே தடுப்பதால், கணினிக் குரோமில் கிடைக்காத அந்தப் பாதுகாப்பு ஐபோன் குரோமில் கேட்காமலே கிடைக்கிறது. அமைப்புகள் பக்கம் எட்டிப் பார்க்காத என் வீட்டாருக்கு இதுவே போதும். கூடுதலாக வேண்டுவோருக்குத்தான் சிக்கல்: பயனரின் அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் உலாவியின் ஐஓஎஸ் பதிப்பு என ஒன்றே கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் பிற எஞ்சின்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அங்கே மட்டும் செல்லுபடியாகும் தனிச் செயலியாக அதை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை, ஒரே உலாவியை இருமுறை எழுதிப் பராமரிக்கும் சுமையை உருவாக்குபவர்மேல் ஏற்றுகிறது. இந்தியாவில் இருக்கும் எனக்கு அதுவும் இல்லை.

2025 ஆகஸ்டில் யுபிளாக் ஆரிஜினின் எளிய வடிவமான யுபிளாக் ஆரிஜின் லைட் சஃபாரிக்கு வந்ததும், ஐபோனில் பயர்பாக்ஸை விட்டுச் சஃபாரிக்கே மாறிவிட்டேன். மருத்துவம், பணம் தொடர்பான தேடல்களுக்கு மட்டும் பழைய ஆண்ட்ராய்டு போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.