பேத்திக்கு ரோட்டாவாக்: ஐந்து சொட்டின் ஜாதகம்

பேத்திக்கு ஆறு வாரம் ஆனதும் வயிற்றுப்போக்குத் தடுப்புச் சொட்டு போடவேண்டும் என்றார்கள். எங்கள் ஆர்.கே. புரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ரோட்டாவாக் என்ற நம் நாட்டுச் சொட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "அங்கிள்ஜி, அது சர்க்காரி மருந்து, இம்போர்ட்டட் போடுங்கள்" என்றாள் கவுன்டர் பெண். கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சரக்கின் பூர்வீகம் பார்க்காமல் விடுவேனா?

பூர்வீகம் பக்கத்து எய்ம்ஸ்தான். 1980களின் நடுவில் அங்கே பிறந்த சிசுக்களிடம், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் தொற்று இருந்தும் வயிற்றுப்போக்கு இல்லை. நோய் தராத அந்த வைரஸையே தடுப்பு மருந்தாக்கலாம் என்று டாக்டர் எம்.கே. பான் குழு அதைப் பிரித்தெடுத்தது. 116இ என்று பெயர். ஆனால் வைரஸ் கையில் இருந்தால் மருந்து ஆகிவிடுமா? அதைச் செல்களில் வளரப் பழக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் வரவேண்டும். அது தனிக் கைப்பக்குவம். 1987-ல் தொடங்கிய இந்திய அமெரிக்கத் தடுப்பூசித் திட்டத்தின் வழியாக அமெரிக்க அரசு ஆய்வகங்கள் அதற்குக் கைகொடுத்தன. அப்புறம் வைரஸும் வித்தையும் ஹைதராபாத் பாரத் பயோடெக் கம்பெனிக்கு வந்தன. பாத் (PATH) என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளையும் நம் உயிரித் தொழில்நுட்பத் துறையும் துணை நின்றன. கம்பெனி தந்த வாக்கு, அரசுக்கு டோஸ் ஒரு டாலர். (எத்தனையோ டெண்டர் பார்த்த எனக்கு இந்த ஷரத்துதான் ரொம்பப் பிடித்தது.) டெல்லி, புனே, நம்ம வேலூர் மூன்று இடத்திலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் சோதனை. 2014-ல் உரிமம், 2016 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். கிட்டத்தட்ட முப்பது வருஷம்!

"அப்பா, முதல் வருஷத்தில் ரோட்டாவால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கை 56 சதவீதம்தானே தடுக்கிறது" என்றான் பையன். ஏழை நாடுகளில் வெளிநாட்டு மருந்துகளும் ஏறக்குறைய அவ்வளவுதான் தடுத்தன என்று காட்டினேன். சரி என்றான்.

அரசு டிஸ்பென்சரிக்கே போனோம். குழந்தை ஐந்து சொட்டுக்கும் சப்புக்கொட்டினாள், பின்னால் வந்த பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி) ஊசிக்குத்தான் அலறல். இதில் மூன்று டோஸ், சில வெளிநாட்டு மருந்துக்கு இரண்டே போதும். ஆனால் 6, 10, 14 வார பென்டாவோடு சேர்ந்தே வருவதால் தனி நடை இல்லை. குளிரிலேயே வைக்கவேண்டிய மருந்து என்பதால் இந்த டெல்லி வெயிலில் குளிர்பெட்டி மேல் எனக்கு ஒரு கண் உண்டு.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று, இரண்டு மணி நேரம் நிற்கவைத்தும் உட்கார ஒரு பெஞ்சு போடாத டிஸ்பென்சரிக்கு. மூன்றாவது டோஸுக்கு மடக்கு நாற்காலி எடுத்துப் போகிறேன்.