ஆஃப்ரோடு ஜீப்புக்கு அளவெடுத்துக் கடைந்த ஃப்ளைவீல்: ஒரு பட்டறைச் சேவையின் மதிப்பீடு

எஞ்சின் ஃப்ளைவீலை, அதாவது எஞ்சினின் பின்முனையில் சுழன்று ஆற்றலைச் சேமிக்கும் கனமான உலோகத் தட்டை, தனியாகக் கடைந்து தரும் பட்டறைகளிடம் வருவோரில் பலர் எடையைக் குறைத்துத் தரும்படியே கேட்கிறார்கள். பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். பாறைகளின் மேல் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. 1990களின் நடுப்பகுதியில் வந்த, 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட ஜீப் ஒன்றுக்கு, பழையதைவிடச் சுமார் 4 கிலோ கூடுதல் எடையில் ஃப்ளைவீல் செய்து தரும்படி நான் ஒரு கடைசல் பட்டறையிடம் கேட்டேன். அந்தப் பட்டறை விலையைப் பேசுவதற்கு முன்பாக வண்டியின் கியர் விகிதங்களையும் டயரின் அளவையும் கேட்டது. இந்த வேலையைப் புரிந்துகொண்டவர்கள் கேட்கும் கேள்வி அது.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. 300 மில்லிமீட்டர் விட்டமும் 12 கிலோ எடையும் கொண்ட சீரான வட்டத்தகட்டின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) 0.135 கிலோகிராம்-மீட்டர் வர்க்கம். எஞ்சினிலிருந்து சக்கரம் வரையிலான மொத்தக் கியர் விகிதம் 50 ஆகவும், டயரின் ஆரம் 0.4 மீட்டராகவும் இருந்தால், அந்த 12 கிலோ இரும்பு வண்டியின் ஓட்டத்தில் ஏறத்தாழ 2,100 கிலோ கூடுதல் நிறையைப் போல நடந்துகொள்கிறது. விகிதத்தின் வர்க்கத்தால் பெருக வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். மொத்த விகிதம் 4 ஆக இருக்கும் நெடுஞ்சாலை ஓட்டத்தில் அதே தகடு 14 கிலோவுக்கும் குறைவான நிறையாகவே தெரியும். ஆகவே ஃப்ளைவீலின் எடையில் செய்யும் மாற்றம் சாலையில் சிறிதாகவும், ஊர்ந்து செல்லும் கியரில் மிகப் பெரிதாகவும் உணரப்படும். கல்லின் மேல் டயர் முட்டி நிற்கும் அந்த நொடியில் எஞ்சின் அணையாமல் தாங்குவது இந்தச் சேமிப்பாற்றலால்தான்.

எடையை எங்கே கூட்டுவது என்பதிலும் பட்டறையின் ஆலோசனை சரியாக இருந்தது. மையத்திலிருந்து 150 மில்லிமீட்டரில் வைக்கும் ஒரு கிலோ, 75 மில்லிமீட்டரில் வைக்கும் ஒரு கிலோவைப்போல நான்கு மடங்கு பயன் தரும். எனவே நடுப்பகுதியைத் தடிப்பாக்குவது வீண். விளிம்பில்தான் உலோகம் சேர வேண்டும். ஆனால் விளிம்பின் பின்புறத்தில் எஞ்சின் பிளாக்கும் வெளிச்சுற்றில் ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடும் உறையான பெல் ஹவுசிங்கும் இருக்கின்றன. நான் முதலில் கேட்ட தடிமனைப் பட்டறை மறுத்தது. பெல் ஹவுசிங்கின் உள்ளளவைக் கொண்டுவரச் சொல்லி, அதை வரைபடத்தில் பொருத்திப் பார்த்த பிறகே இறுதி அளவைக் குறித்தார்கள். கிளட்ச் பிளேட் உரசும் முகம், கிராங்கில் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டில்) பொருந்தும் முகத்திலிருந்து பழைய ஃப்ளைவீலில் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருந்ததோ அதே தொலைவில் புதியதிலும் இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தொலைவு மாறினால் கிளட்ச் பிளேட்டை அழுத்தும் பிரஷர் பிளேட்டின் விரல்களும் அவற்றைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் சந்திக்கும் இடம் மாறும். கிளட்ச் முழுவதும் விடுபடாமலோ முழுவதும் பிடிக்காமலோ போகும்.

பொருளாக அவர்கள் எடுத்தது 4140 ரகக் குரோமியம்-மாலிப்டினம் எஃகு. சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பு உராய்வுக்கு மிக நல்லது, வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆனால் இழுவிசைக்கு வலுக்குறைந்தது. நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் 300 மில்லிமீட்டர் ஃப்ளைவீலின் விளிம்பு மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுழற்சி இரட்டித்தால் உலோகத்தின் உள்ளே ஏற்படும் தகைவு நான்கு மடங்காகும். ஓட்டுநரின் காலுக்கு அருகில் சுழலும் பாகம் இது. பந்தய வண்டிகளுக்கு எஸ்.எஃப்.ஐ. 1.1 போன்ற தரநிர்ணயம் ஃப்ளைவீலுக்கும் கிளட்சுக்கும் இருப்பது இதனால்தான். எஃகுத் துண்டின் தரச்சான்றை நான் கேட்டபோது தயக்கமின்றித் தந்தார்கள். கேட்காமலே தந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இந்த எஞ்சினில் ஃப்ளைவீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெல் ஹவுசிங்கில் பொருத்தப்பட்ட கிராங்க் சென்சார், ஃப்ளைவீலில் வெட்டப்பட்ட பள்ளங்களைப் படித்தே பிஸ்டன்களின் நிலையை எஞ்சின் கணினிக்குச் சொல்கிறது. நான்கு நான்காக மூன்று தொகுதிகள். தொகுதிக்குள் பள்ளங்களுக்கிடையே 20 பாகை, தொகுதிகளுக்கிடையே 120 பாகை. இவை கிராங்க் போல்ட் துளைகளுடன் கொண்டுள்ள கோணம் பிசகினால் தீப்பொறி விழும் நேரமும் பிசகும். பெரிதாகப் பிசகினால் எஞ்சின் ஓடவே ஓடாது. பழைய ஃப்ளைவீலைக் கணினி லேத்தின் அளவீட்டுக் கருவியில் வைத்து ஒவ்வொரு பள்ளத்தின் கோணத்தையும் எடுத்து, அதே நிலையில் புதியதில் வெட்டியிருந்தார்கள். பள்ளங்களின் ஓரம் கூர்மையாகவும் பிசிறில்லாமலும் இருந்தது. முழுப் பணியிலும் நான் மிக உயர்வாக மதிப்பது இந்தப் பகுதியைத்தான். பழைய ஃப்ளைவீலைக் கொண்டுவராமல் எஞ்சின் பெயரை மட்டும் சொல்லி வேலை கொடுப்பவர்களுக்கு இவ்வளவு துல்லியம் கிடைக்குமா என்பது ஐயமே.

ஃப்ளைவீலின் விளிம்பில் மாட்டும் பல்வளையமான ரிங் கியரை அடுப்பில் 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சீராகச் சூடாக்கி இறக்கினார்கள். அந்த வெப்பத்தில் 300 மில்லிமீட்டர் வளையம் 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும்; அது போதும். எரிவாயுச் சுடரை ஒரே இடத்தில் பிடித்துச் சூடாக்கும் பட்டறைகளும் இருக்கின்றன, அதில் பற்களின் கடினத்தன்மை போய்விடும். பற்களின் சரிவு முனை ஸ்டார்ட்டர் மோட்டார் வந்து சேரும் பக்கம் பார்த்திருந்ததையும் சரிபார்த்துக்கொண்டேன். உராயும் முகத்தின் ஆட்டம் டயல் கேஜில் 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கியது.

குறை என்று சொல்ல வேண்டியது பேலன்சிங் (அதிராமல் சுழலும்படி எடையைச் சமன்செய்தல்) அறிக்கையைப் பற்றியது. முதலில் தந்த தாளில் ‘சரி’ என்ற ஒரு சொல்லும் முத்திரையும் மட்டுமே இருந்தன. ஐ.எஸ்.ஓ. 21940 தரத்தில் ஜி 6.3 வகுப்பு என்றால், சுமார் 12 கிலோ எடையும் 5,000 சுழற்சியும் உள்ள ஃப்ளைவீலுக்கு 140 மில்லிமீட்டர் ஆரத்தில் ஏறத்தாழ 1 கிராம் வரை சமமின்மை இருக்கலாம், ஜி 2.5 என்றால் 0.4 கிராம்தான். இரண்டில் எதைச் செய்தார்கள் என்று தெரியாத தாளால் வாடிக்கையாளருக்கு என்ன பயன்? வற்புறுத்திக் கேட்ட பிறகு எண்களுடன் அறிக்கை வந்தது, அது ஜி 2.5-க்குள் இருந்தது. சமன்செய்வதற்காக எடையைக் குறைக்கத் துளையிட்ட இடங்களும் பின்புறத்தில்தான் இருந்தன. வேலை சரியாக இருந்தும் அதைக் காட்டும் தாளை இழுத்துப் பெற வேண்டியிருந்தது எரிச்சலூட்டியது. ஒப்புக்கொண்ட நாளுக்குப் பிறகே பொருள் கைக்கு வந்ததும், தாமதத்தை நாமே தொலைபேசியில் அழைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததும் இதனுடன் சேரும்.

ஓட்டத்தில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. தாழ்கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே படிபோன்ற பாறைகளை வண்டி ஏறுகிறது. முன்பு அணைந்துபோன இடங்களில் இப்போது சற்றே முனகிவிட்டுத் தொடர்கிறது. இதற்குரிய விலையும் உண்டு. சாலையில் மேல் கியருக்கு மாற்றும்போது எஞ்சின் சுழற்சி இறங்கக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். தாழ்கியரில் கிளட்சை மிதிக்காமல் பிரேக் பிடித்தால், நான் சொன்ன அந்தக் கூடுதல் நிறையையும் சேர்த்தே பிரேக் நிறுத்த வேண்டியிருக்கிறது. மணல்மேடுகளில் ஓட்டுபவர்கள் ஃப்ளைவீலின் எடையைக் கூட்டக் கூடாது; அங்கே எஞ்சின் நொடியில் சுழற்சி ஏற வேண்டும், கனமான ஃப்ளைவீல் அதற்குத் தடை.

இரட்டை நிறை ஃப்ளைவீல் (இடையே ஸ்பிரிங்குகள் கொண்ட இரண்டு பகுதிகளால் ஆனது) உள்ள டீசல் வண்டிக்கு ஒற்றைத் துண்டு ஃப்ளைவீல் கேட்பவர்களுக்கும் இதே பட்டறை செய்து தருகிறது. அப்படிச் செய்பவர்கள் அதிர்வை உறிஞ்சும் ஸ்பிரிங்குகள் கொண்ட கிளட்ச் பிளேட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். அதன் பிறகும் ஐட்லிங்கில் கியர்பாக்ஸ் சத்தம் ஓரளவு இருக்கும் என்பதைப் பட்டறையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கிராங்க் போல்ட்டுகளை அவர்கள் தருவதில்லை, புதியவற்றை நாமே வாங்கி வைத்திருக்க வேண்டும்.