பிரிட்டனில் எம்எஸ்சி: எழுத்துக்கு யாரிடம் உதவி கேட்பது? பல்கலை ஆலோசகர், தனி ட்யூட்டர், ப்ரூஃப்ரீடர் – ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் ஓராண்டு எம்எஸ்சி படிக்கப் போகும் பலருக்குத் தங்கள் எழுத்தில் சிக்கல் இருப்பது முதல் அசைன்மென்டின் மதிப்பெண் வரும் அன்றுதான் தெரிகிறது. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 எடுத்தவருக்கு 52 வருகிறது. கீழே, ‘விவரிப்பு அதிகம், விமர்சன நோக்கு போதாது’ என்று ஒரு வரி. அங்கே முதுகலையில் பெரும்பாலும் 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். ஊரில் 85, 90 வாங்கிப் பழகியவர் 52-ஐப் பார்த்துக் கலங்கிப்போகிறார், அந்த வாரமே உதவி தேடுகிறார்.

கைக்கெட்டும் தூரத்தில் நான்கு வழிகள் உண்டு. பல்கலைக்கழகமே இலவசமாகத் தரும் எழுத்து ஆலோசகரின் அப்பாயின்ட்மென்ட் ஒன்று. சில வளாகங்களில் உட்கார்ந்திருக்கும் தொழில்முறை எழுத்தாளர் இன்னொன்று. காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் தனி ட்யூட்டர் மூன்றாவது. எழுதி முடித்ததைத் திருத்தித் தரும் ப்ரூஃப்ரீடர் நான்காவது. மாணவர்கள் இவர்களைத் தேடிப் போகும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. இலவச ஆலோசகரை அக்டோபரில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஜனவரியில், கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ப்ரூஃப்ரீடருக்குப் பணம் போகிறது. அவரால் அந்த 52-ஐப் பெரிதாக நகர்த்த முடியாது. காரணம் புரிய, ஒரே பத்தியை நான்கு பேரிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

ஒரே பத்தி, நான்கு மேசைகள்

வளர்ச்சியியல் (டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) படிக்கும் ஒரு மாணவி. கேள்வி: சிறுகடன், வீட்டில் பெண்கள் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கூட்டுகிறதா? அவர் எழுதிய பத்தி 220 சொற்கள். 1989-இல் தர்மபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய வரலாறு அதில் முதல் 90 சொற்கள். அதன்பின் நான்கு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆய்வாளரின் பெயரில் தொடங்கி ‘என்கிறார்’ என்று முடிகிறது. கடைசியில், ‘எனவே சிறுகடன் முக்கியமானது.’ நம் பிள்ளைகள் எழுதும் பத்திகளில் பாதிக்கு மேல் இதே அச்சுதான். முன்கதை சொல்லி, பெரியவர்கள் சொன்னதை அடுக்கி, பணிவாக முடிப்பது. பள்ளியிலிருந்து நாம் பழக்கிய முறை இது. பிள்ளைகளின் அறிவுக் குறைவு என்று இதைச் சொல்வது அநியாயம்.

பல்கலை ஆலோசகர் பேனாவைத் தொடமாட்டார். “இந்தப் பத்தி கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது?” என்று கேட்பார். மாணவி யோசித்து, “கடன் பெண் பெயரில் வந்தாலும் செலவை முடிவு செய்வது கணவர்தான்னு இரண்டு ஆய்வு சொல்லுது” என்பார். அந்த வாக்கியம் பத்தியில் எங்குமே இல்லை. “அதையே முதல் வாக்கியமாக எழுதுங்கள்” என்பார் ஆலோசகர். அடுத்த கேள்வி: நான்கு ஆய்வுகளும் ஒரே முடிவுக்கு வருகின்றனவா? இல்லை. இரண்டு ஆய்வுகள் கடன் திரும்பி வருவதை அளந்து ‘அதிகாரம் கூடியது’ என்கின்றன. மற்ற இரண்டும் வீட்டுச் செலவை யார் தீர்மானிக்கிறார் என்று அளந்து ‘கூடவில்லை’ என்கின்றன. இந்த வேறுபாட்டைச் சொல்லி, எந்த அளவுகோல் கேள்விக்குப் பொருந்தும் என்று வாதிடுவதைத்தான் மதிப்பிடுபவர் ‘விமர்சன நோக்கு’ என்கிறார். தர்மபுரி வரலாறு 90 சொற்களிலிருந்து 15 சொற்களாகிறது.

வளாக எழுத்தாளரிடம் போனால் பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்துவார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே இருபது சொற்கள் கிடக்கும் வாக்கியத்தை இரண்டாக வெட்டவைப்பார். ராயல் லிட்டரரி ஃபண்ட் என்ற பழைய அறக்கட்டளை, நூல் வெளியிட்ட எழுத்தாளர்களை 1999 முதல் இப்படிப் பல்கலைக்கழகங்களில் அமர்த்திவருகிறது. மாணவருக்குக் கட்டணம் இல்லை, பேசியது துறைக்குப் போகாது. எல்லாப் பல்கலையிலும் இவர்கள் இல்லை, இருக்கும் இடத்திலும் வாரத்தில் ஓரிரு நாள்தான். உங்கள் துறைப் பொருளை இவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதனால் ஒரு லாபமும் உண்டு: துறை தெரியாதவருக்குப் புரியாத வாக்கியம் பெரும்பாலும் எழுதியவருக்கே தெளிவாகாத வாக்கியம்.

துறை தெரிந்த தனி ட்யூட்டர் இன்னும் ஆழமாகப் போக முடியும். ‘அதிகாரம்’ என்பதை எந்தெந்த ஆய்வு எப்படி வரையறுத்தது, நீங்கள் விட்டுவிட்ட விவாதம் எது என்று அவரால் சொல்ல முடியும். ஆபத்தும் அங்கேதான். மணிக்கணக்கில் காசு வாங்குபவருக்கு, நேரத்துக்குள் ‘ஏதாவது காட்ட வேண்டும்’ என்ற அழுத்தம் வருகிறது. ஒரு வாக்கியத்தை அவரே சொல்லிவிடுவார், மாணவி தட்டச்சு செய்துகொள்வார். ஐந்தாவது வாக்கியத்தில் பத்தி ட்யூட்டருடையதாகிவிடும். துறை சந்தேகப்பட்டு மாணவியை அழைத்து, “இந்த அளவுகோலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டால் பதில் இருக்காது.

ப்ரூஃப்ரீடர் பத்தியைப் பளிச்சென்று ஆக்கித் தருவார். விடுபட்ட ‘தி’, ‘ஏ’ எல்லாம் வந்து உட்காரும். காலம் மாறிய வினைகள் சரியாகும், ‘டிஸ்கஸ் அபவுட்’டில் ‘அபவுட்’ போகும். ஆனால் தர்மபுரி வரலாறு அப்படியே இருக்கும், நான்கு ‘என்கிறார்’ இருக்கும், ‘எனவே முக்கியமானது’ இருக்கும். நேர்மையான ப்ரூஃப்ரீடர் அவற்றைத் தொடவே கூடாது. தொட்டால் அது பல்கலை விதிப்படி வேறொருவர் எழுதியதாகிவிடும்.

இலவச அப்பாயின்ட்மென்டை வீணாக்குவது எப்படி நடக்கிறது

பல்கலை ஆலோசகரை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஒன்னும் பிரயோஜனமில்லை” என்று சொல்பவர்கள் நிறைய. பெரும்பாலும் பிழை தயாரிப்பில்தான். சந்திப்பு 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. 3,000 சொல் அசைன்மென்டை நீட்டி “கொஞ்சம் பாருங்க” என்றால் அந்த நேரம் அவர் படிப்பதிலேயே கழிந்துவிடும். அரை மணியில் உருப்படியாகப் பேச 700 முதல் 1,000 சொற்கள் வரைதான் முடியும். முன்னுரையும் ஒரு நடுப் பகுதியும் போதும், அங்கே கண்ட பிழையை மற்ற பகுதிகளில் நீங்களே தேட வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: அசைன்மென்ட் கேள்வி முழுதாக, மதிப்பிடும் அளவுகோல் பட்டியல், முந்தைய அசைன்மென்டில் வந்த ஃபீட்பேக், உங்கள் டிராஃப்ட். இவற்றுடன் ஒரே ஒரு கேள்வி. “என் பத்திகளில் என் வாதம் தெரிகிறதா?” என்று கேட்டால் வேலை நடக்கும். “இங்கிலீஷ் சரியா இருக்கா?” என்று கேட்டால், “நாங்கள் திருத்தித் தருவதில்லை” என்ற பதில்தான் வரும். சில இடங்களில் டிராஃப்டை ஒன்றிரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்வார்கள். அனுப்பத் தவறினால் சந்திப்பே ரத்தாகலாம்.

போகுமுன் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. டிராஃப்டை அச்செடுத்து மூன்று நிற மார்க்கர் வைத்துக்கொள்ளுங்கள். பிறர் சொன்னதற்கு மஞ்சள். அதைப் பற்றி நீங்கள் சொல்வதற்குப் பச்சை. கேள்வியோடு இணைக்கும் வாக்கியத்துக்கு நீலம். ஒரு பத்தி முழுக்க மஞ்சளாக இருந்தால் ‘விவரிப்பு அதிகம்’ என்ற குறிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். முழுக்கப் பச்சையென்றால் ஆதாரம் இல்லை. பிறகு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அதன் கருத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் அடங்காத பத்தியை இரண்டாக்குங்கள். எழுத வரியே கிடைக்காத பத்தியை எடுத்துவிடுங்கள். ஓரத்து வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தால் வாதம் ஓட வேண்டும்.

அளவும் கணக்காக இருக்கட்டும். 3,000 சொல்லில் முன்னுரைக்கும் முடிவுரைக்கும் தலா 300 போக 2,400 மிஞ்சும். பத்திக்கு 180–200 சொல் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று பத்திகள். பன்னிரண்டு கருத்துகளைத் தாண்டி உங்களிடம் இடமே இல்லை. இது அக்டோபரிலேயே புரிந்தால் படிக்கும் முறையும் மாறும். 30 கட்டுரைகளை முழுதாகப் படித்து முடங்குவதைவிட, சுருக்கமும் முடிவுரையும் பார்த்து எட்டு, பத்தைத் தேர்ந்து ஆழப் படிப்பீர்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். கெடு நெருங்கும் வாரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கடினம். ஒவ்வொரு முறையும் வேறு ஆலோசகர் வரலாம், ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்கு மறுபடி சொல்ல வேண்டும். தொடர்ச்சி வேண்டுபவருக்கு இது உண்மையான குறை. தனி ட்யூட்டரின் பலமும் அந்தத் தொடர்ச்சிதான்.

தனி ட்யூட்டர் வைப்பதென்றால்

எல்லாருக்கும் வேண்டியதில்லை. பல ஆண்டு வேலைக்குப் பிறகு படிக்கப் போனவர்கள், பொறியியலிலிருந்து சமூக அறிவியலுக்குத் தாவியவர்கள், முதல் பருவத்தில் ஓர் அசைன்மென்டில் தோற்றவர்கள் – இவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம், ஆறு அல்லது எட்டு வாரம் ஒரே ஆளிடம் போவது பலன் தரும். முதல் சந்திப்பிலேயே கவனியுங்கள்: அதிகம் பேசுவது யார்? எழுதுவது யார் கை? நல்ல ட்யூட்டர் உங்கள் பழைய ஃபீட்பேக்கைக் கேட்பார், மணி முடியும்போது அடுத்த வாரத்துக்கு 300 சொல் எழுதிவரச் சொல்வார். மோசமானவர் “ஃபைலை அனுப்புங்க, பார்த்துக்கறேன்” என்பார். மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருபவரிடமிருந்து விலகுங்கள்.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று விசா. மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. வாரம் 20 மணி நேர வரம்பு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்குத்தான். ஆகவே, காசு வாங்கிக்கொண்டு தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ‘சீனியர் அண்ணா’ தன் விசாவையே பணயம் வைக்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பமிருந்தால், பல்கலை சம்பளம் கொடுத்து நடத்தும் சக மாணவர் வழிகாட்டி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே நீங்கள் இலவசமாகவே அவரைச் சந்திக்கலாம்.

தனி ட்யூட்டர் என்ற போர்வையில் எழுதிக்கொடுக்கும் கூட்டமும் வாட்ஸாப் குழுக்களில் உலவுகிறது. இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காசுக்கு அசைன்மென்ட் எழுதிக்கொடுப்பதும் அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம். மாணவர் மீது வழக்கு வராது, ஆனால் பல்கலை நடவடிக்கையில் படிப்பே போகலாம், படிப்பு போனால் விசாவும் போகும். இன்னொரு கொடுமை: எழுதிக்கொடுத்தவர்களே பின்னர் “பல்கலைக்குச் சொல்லிவிடுவோம்” என்று மிரட்டிப் பணம் பறிப்பதுண்டு. வீட்டை அடமானம் வைத்துப் படிக்கப் போன பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது.

ப்ரூஃப்ரீடரும் ஏஐ-யும்

ப்ரூஃப்ரீடர் தேவைப்படும் ஓர் இடம் டிசர்டேஷன், அதாவது படிப்பின் கடைசியில் எழுதும் நீண்ட ஆய்வேடு. வாதமெல்லாம் உறுதியான பின், கடைசிப் பத்து நாளில். அதற்குமுன் பல்கலையின் ப்ரூஃப்ரீடிங் விதியைப் படியுங்கள். சில இடங்களில் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி வரை அனுமதி, சில இடங்களில் மொத்தமாகத் தடை, சில இடங்களில் உதவி பெற்றதை அறிவிக்க வேண்டும். திருத்தங்களை, ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகக் காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ வைத்துத்தான் வாங்க வேண்டும், ஒவ்வொன்றையும் நீங்கள் பார்த்தே ஏற்க வேண்டும். பழைய டிராஃப்டுகளைத் தேதியோடு வைத்திருங்கள். சந்தேகம் எழுந்தால் எழுதியது நீங்கள்தான் என்று காட்ட அவை உதவும்.

ஏஐ-யிடம் பத்தியைக் கொடுத்தால் நொடியில் வழுவழுப்பான பத்தி வரும். இல்லாத கட்டுரைகளை மேற்கோளாகச் சேர்த்து வரவும் கூடும். ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் அனுமதி வரம்பு வேறு என்பதால் கேள்வித்தாளில் பாருங்கள். அனுமதி இருந்தால் “இந்தப் பத்தியை எழுதித் தா” என்பதற்குப் பதில் “இதைப் படித்தவருக்கு என்னென்ன கேள்வி எழும்?” என்று கேளுங்கள். ஆலோசகர் கிடைக்காத இரவு பதினொரு மணிக்கு அது உருப்படியான உதவி.

டிஸ்லெக்ஸியா இருந்தால்

வேகமாகப் பேசி, நன்றாக யோசித்து, எழுத உட்கார்ந்தால் மட்டும் திணறும் பிள்ளைகளுக்கு மேற்சொன்ன நால்வரும் போதாமல் போகலாம். அங்கேயே குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, டிஸ்லெக்ஸியா மதிப்பீட்டுச் சான்று இருந்தால், அரசின் மாற்றுத்திறன் மாணவர் நிதியிலிருந்து வாரந்தோறும் தனிப் பயிற்றுநர் கிடைக்க வழியுண்டு. சர்வதேச மாணவருக்கு அந்த நிதி இல்லை. ஆனாலும் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி நியாயமான ஏற்பாடு செய்யும் கடமை பல்கலைக்கு அவர்கள் விஷயத்திலும் உண்டு. சேர்ந்த முதல் மாதமே மாற்றுத்திறன் பிரிவைப் பாருங்கள். வெளியே தெரிந்தால் கேவலம் என்று மறைப்பவர்கள் கூடுதல் நேரத்தையும் பயிற்றுநரையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

டிசர்டேஷனுக்கு எந்த வரிசை

மொத்த 180 கிரெடிட்டில் டிசர்டேஷன் வழக்கமாக 60. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு, ஆக 600 மணி நேரம். அதில் சூப்பர்வைசர் உங்களோடு உட்காரப்போவது சில மணி நேரம்தான், அதுவும் ஆராய்ச்சிப் பொருளுக்கு. எங்கள் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்குச் சரியான வரிசை இது: ஆய்வு முன்மொழிவு எழுதும்போது ஒருமுறை பல்கலை ஆலோசகர். இலக்கிய மீளாய்வின் (முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதியின்) முதல் 1,000 சொல் முடிந்ததும், மொத்தமும் எழுதி முடிக்கக் காத்திராமல், இன்னொரு முறை. ஜூலையில் நடு அத்தியாயம் ஒன்றோடு வளாக எழுத்தாளரிடம், அவர் விடுமுறையில் போகாமல் இருந்தால். வேண்டுமானால், விதி அனுமதித்தால், கடைசியில் ப்ரூஃப்ரீடர். தனி ட்யூட்டருக்கான பணம் கையில் இருந்தால் அதை ஆகஸ்டுக்கு வைக்காமல் மார்ச்சில் செலவழியுங்கள். இரண்டாம் பருவ அசைன்மென்டில் பழகியது டிசர்டேஷனுக்கும் உதவும், ஆகஸ்டில் பழக நேரம் இருக்காது.