செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஒரு பில்லிங் மென்பொருள்: ₹ குறி சரியாக விழுகிறதா?

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் எங்கள் கடையில், சேலத்திலேயே ஒரு சிறு நிறுவனம் எழுதித் தரும் பில்லிங் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். எடை, கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. ஆகிய கணக்குகளில் அது பிசகுவதில்லை. வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, தொகையையும் அதன் நாணயக் குறியையும் அது எப்படி அச்சிடுகிறது என்பதைத்தான்.

ஏ4 தாளில் வரும் பில்லில் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை. ₹ குறி இடைவெளியின்றி எண்ணை ஒட்டியே நிற்கிறது. வரி மடங்கும் இடத்திலும் குறி மேலேயும் எண் கீழேயுமாகப் பிரிவதில்லை. லட்சத்துக்கு உரிய இடத்தில் காற்புள்ளி விழுவதால் ₹1,12,450.50 என்பதைப் பார்த்தவுடன் படிக்க முடிகிறது. பழைய கொலுசைக் கொடுத்துப் புதிது எடுப்பவர்களுக்குக் கழிக்கும் தொகை, கழித்தல் குறி முன்னே நிற்க, -₹3,450.00 என்று வருகிறது. முன்பு வைத்திருந்த மென்பொருள் அந்தக் கழித்தல் கோட்டை ₹ குறிக்கும் எண்ணுக்கும் நடுவே செருகிவிடும். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் அது படாது. எழுத்தால் எழுதும் வரி மட்டும் 'ஒன்று லட்சம் பன்னிரண்டு ஆயிரம் நானூறு ஐம்பது' என்று பல்லில் கல் கடிபடுவதுபோல் வருகிறது. 'ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது' என்று திருத்தித் தரக் கேட்டிருக்கிறோம்.

வம்பெல்லாம் கல்லாவில் இருக்கும் தெர்மல் பிரிண்டரில்தான். உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு, கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமான யூனிகோடிலும் அது இடம்பெற்றது. ஆனால் மலிவான பிரிண்டர்கள் பலவற்றுக்குள் இருக்கும் எழுத்துத் தொகுதி அதைவிடப் பழையது என்பதால், துண்டுச் சீட்டில் ₹1,850 என்பது ?1,850 என்று விழுகிறது. விலையைக் கேள்விக்குறியோடு நீட்டினால் பேரம் தொடங்காமல் என்ன செய்யும்? 'ரூ.' என்று மாற்றலாமென்றால் அந்தத் தொகுதியில் தமிழ் எழுத்தும் கிடையாது. சீட்டைப் படமாக மாற்றி அச்சிடும் வசதியைத் தேர்ந்தால் இரண்டும் ஒழுங்காக வருகின்றன. ஆனால் ஒவ்வொரு சீட்டும் வெளிவரக் கூடுதல் நேரம் பிடிப்பதால், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் அது கட்டுப்படியாகாது.

இன்னொரு குறை, தொகைக்குப் பின்னால் தானாக விழும் '/-'. ஷில்லிங், பென்ஸ் கணக்கெழுதிய ஆங்கிலேயரிடமிருந்து வந்த இந்த வழக்கம், சில்லறை ஏதுமில்லை என்று காட்டுவதற்கும், பின்னால் யாரும் ஓர் எண்ணைச் சேர்த்துவிடாமல் தடுப்பதற்கும் உரியது. 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்த பிறகும், கையால் எழுதும் ரசீதிலும் காசோலையிலும் அது நிலைத்திருப்பதில் நியாயம் உண்டு. இந்த மென்பொருளோ ₹1,250.50/- என்று அச்சிடுகிறது. ஐம்பது காசை எழுதிவிட்டு, அடுத்த நொடியே காசு இல்லையென்று கோடு போடுவது என்ன கணக்கோ தெரியவில்லை. கேட்டதற்கு, "பழைய முதலாளிங்க எல்லாரும் அது இல்லாம ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார்" என்றார் சேவைப் பிரிவில் இருந்த பையன். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவிடலாம் என்பது ஆறுதல்.

வெளிநாட்டுக்குப் பில் போடுவோருக்கு இது இப்போதைக்குப் பயன்படாது. டாலரைத் தேர்ந்தாலும் காற்புள்ளி நம் லட்சக் கணக்கிலேயே விழுந்து $1,25,000 என்று வருகிறது. அமெரிக்காவில் இருப்பவர் எதிர்பார்ப்பது $125,000. யூரோவில் சிக்கல் இன்னும் கூடுதல்: அயர்லாந்தில் குறி எண்ணுக்கு முன்னே வரும், ஜெர்மனியிலோ 1.250,00 € என்று புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி, குறி இடைவெளி விட்டுப் பின்னே நிற்கும். குறியைப் பின்னுக்குத் தள்ள மட்டுமே இதில் வழி இருக்கிறது.

உள்ளூர் வியாபாரம் மட்டும் செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் தங்கள் கடைப் பிரிண்டரிலேயே ஒரு சீட்டு அடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே சந்தாவைக் கட்டவும்.