"பழைய விண்டோஸ் வேணாம்தானே?"னு கேட்டா உடனே ஆமாம்னு சொல்லிடாதீங்க

நேத்து சாயங்காலம் நடந்தது. இன்னும் படபடப்பு அடங்கல. ஆறப்போட்டா எழுதவே மாட்டேன்னு தெரியும், அதனால இப்பவே எழுதறேன். 3,500 ரூபாய் கட்டி, ஆறு வருஷ உழைப்பை அழிச்சு வாங்கியிருக்கேன்.

என் லேப்டாப்புல விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிஞ்சதால, பழசை அழிக்காம இன்னொரு பார்ட்டிஷன்ல, அதாவது அதே டிஸ்க்கைப் பிரிச்ச இன்னொரு பகுதியில, விண்டோஸ் 11 போட்டோம். அன்னையிலிருந்து ஆன் பண்ணா நேரா உள்ள போறதில்ல. நீலமா ஒரு திரை வந்து எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேணும்னு கேட்கும். மேல விண்டோஸ் 11, கீழ விண்டோஸ் 10. எதையும் தொடலைன்னா 30 செகண்ட் நின்னுட்டு அப்புறம்தான் உள்ள போகும். நான் வீட்டுல ட்யூஷன் எடுக்கறேன். பசங்க எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது தினமும் இது ஒரு எரிச்சல். அந்தக் கீழ் வரி போகணும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கேட்டது, வீட்டுக்கு வராம நம்ம ஸ்கிரீனைத் தூரத்திலிருந்தே பிடிச்சு ரிப்பேர் பண்ணித் தர்ற ஒரு ஆன்லைன் சர்வீஸ்கிட்ட. நட்சத்திரம் எல்லாம் நிறையவே இருந்தது. 3,500 முன்பணமாவே கட்டணும்னாங்க, கட்டினேன். ஒரு தம்பி லைன்ல வந்தார். நல்ல நிதானமான குரல். ஸ்கிரீன்ல வந்த நம்பரை வாசிச்சுக் காட்டினேன், என் மவுஸ் அம்பு தானா நகர ஆரம்பிச்சது. "ஃபைல் எதுவும் போயிடாதே?"னு முதல்லயே கேட்டேன். "உங்க ஃபைல் எல்லாம் சி டிரைவ்லதான் மேடம் இருக்கும், அதை நான் தொடவே மாட்டேன். அஞ்சு நிமிஷ வேலை"ன்னார். அந்தப் பேச்சுல மனசு அடங்கிடுச்சு. இவருக்கு விஷயம் தெரியும்னு நம்பிட்டேன்.

டிஸ்க்கோட பகுதிகளைக் காட்டற டிஸ்க் மேனேஜ்மென்ட்னு ஒண்ணைத் திறந்தார். கட்டம் கட்டமா வந்தது. ஒரு கட்டத்து மேல அம்பை வச்சுட்டு, "பழைய விண்டோஸ் வேணாம்தானே மேடம்?"னு கேட்டார்.

"வேணாம்"னேன்.

நான் வேணாம்னு சொன்னது மெனுவுல இருந்த அந்த வரியை. அவர் எடுத்துக்கிட்டது பழைய விண்டோஸ் இருந்த மொத்த டி டிரைவை. ரைட் கிளிக், ஃபார்மேட், ஓகே. எல்லா டேட்டாவும் அழியும்னு சின்னதா ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள அதுக்கும் ஓகே அமுக்கிட்டார். நாலஞ்சு செகண்ட் ஆகியிருக்கும்.

அந்த டி டிரைவ்லதான் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள, என் பேர்ல, என் டாக்குமென்ட்ஸ் எல்லாம் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் நானே டைப் அடிச்ச கணக்கு வினாத்தாள், விடைக்குறிப்பு, ஒவ்வொரு பிள்ளையும் எங்க தப்பு பண்ணுதுன்னு எழுதி வச்ச குறிப்பு.

இதுக்கு மேல கேளுங்க. ரீஸ்டார்ட் பண்ணா அந்த நீலத் திரை அப்படியே வந்து நிக்குது! ரெண்டு வரியும் இருக்கு! "ரெண்டு மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம், தானா போயிடும்"னு சொல்லிட்டு லைனைக் கட் பண்ணிட்டார். அடுத்த நிமிஷம் மெசேஜ்: "உங்கள் சேவை வெற்றிகரமாக நிறைவடைந்தது. மதிப்பீடு தாருங்கள்."

டி டிரைவைத் திறந்து பார்த்தேன். காலி.

உடனே போன் போட்டேன். பாட்டுப் போட்டு இருபது நிமிஷம் காக்க வச்சாங்க. ஒரு பொண்ணு வந்து, "டெக்னீஷியன் உங்ககிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கார், ரெக்கார்டிங் இருக்கு"ன்னாங்க. நான் சொன்ன ஒரே ஒரு "வேணாம்", அதை என் மேலயே திருப்பினாங்க. சரி, கேட்ட வேலையாவது முடிஞ்சுதா, மெனு அப்படியே இருக்கேன்னேன். "அதுக்குப் புதுசா ரிக்வெஸ்ட் போடணும்." சாட்ல போனா, பேக்கப் எடுத்து வைக்கறது வாடிக்கையாளர் பொறுப்புன்னு ஒரு ரெடிமேட் பதில். மூணாவதா பேசினவர் டேட்டா ரெக்கவரி பேக்கேஜ் இருக்கு, தனிக் கட்டணம்னார். அழிச்சதுக்கு 3,500, அதைத் தேடறதுக்கு இன்னொரு பில்!

ராத்திரி எங்க அக்கா பையனைக் கூப்பிட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "சித்தி, அது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?" எஸ்எஸ்டி, அதாவது சுழலற தட்டு இல்லாத சிப் டிஸ்க், அப்படின்னதும் கொஞ்ச நேரம் பேசல. பழைய ஹார்டு டிஸ்க்குல குயிக் ஃபார்மேட் பண்ணா, மேல எதுவும் எழுதாத வரைக்கும் பெரும்பாலும் தோண்டி எடுத்துடலாமாம். எஸ்எஸ்டியில ஃபார்மேட் ஆனதுமே ட்ரிம்னு ஒரு கட்டளை போய், அந்த இடமெல்லாம் காலின்னு டிஸ்க்குக்கே சொல்லிடுமாம். அப்புறம் மீட்கறது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்கல. அந்த மெனுவுல வர்ற வரிகள் டி டிரைவ்ல இருக்கிறதே இல்ல. பூட் கான்ஃபிகரேஷன் டேட்டான்னு ஒரு தனிப் பட்டியல் அது. இப்போதைய கம்ப்யூட்டர்கள்ல ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்னு, சி, டி மாதிரி எழுத்தே இல்லாத ஒரு குட்டிப் பகுதியில, பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும், அங்க கிடக்கும். டி டிரைவை நூறு தடவை ஃபார்மேட் பண்ணாலும் அந்த வரி அசையாது. வரியை எடுத்தா ஃபைல் போகாது, ஃபைலை அழிச்சா வரி போகாது. ரெண்டும் வேற வேற. இது தெரியாத ஆள் கையில என் மவுஸைக் கொடுத்திருக்கேன்.

அவன் சொல்லச் சொல்ல நானே செஞ்சேன். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அமுக்கி, எம்எஸ்கான்ஃபிக்னு (msconfig) டைப் அடிச்சு என்டர். பூட் டேப். ரெண்டு வரியும் இருந்தது. விண்டோஸ் 11 பக்கத்துல கரன்ட் ஓஎஸ், டிஃபால்ட் ஓஎஸ்னு போட்டிருந்தது. கீழ இருந்த விண்டோஸ் 10-ஐத் தேர்வு பண்ணி டெலீட், ஓகே, ரீஸ்டார்ட். நீலத் திரை வரல. ஒரு நிமிஷம்கூட ஆகல. காசு கிடையாது. இதுக்கா 3,500?

எப்படிச் செய்யறதுன்னு விளக்கமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. இதையாவது மனசுல வச்சுக்கோங்க. கரன்ட் ஓஎஸ்னு இருக்கிற வரியைத் தொடாதீங்க. அந்த 100 எம்பி பார்ட்டிஷன் சும்மா கிடக்குன்னு யாராவது அழிக்க வந்தா தடுங்க, அப்புறம் கம்ப்யூட்டரே கிளம்பாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் போட்டிருந்தா 48 இலக்க ரெக்கவரி கீயை முதல்லயே எழுதி வைங்க. லினக்ஸ்ங்கிற வேற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் சேர்த்துப் போட்டிருந்தா வழி வேற, தெரிஞ்சவங்களைக் கேளுங்க. வரியை எடுக்கற வேலைக்கு யாராவது ஃபார்மேட்ங்கிற வார்த்தையைச் சொன்னா அந்த நிமிஷமே நெட்டைப் பிடுங்குங்க.

இப்ப பழைய மாணவர்களுக்கு ஒவ்வொருத்தரா வாட்ஸ்அப்ல கேட்டுட்டிருக்கேன், நான் அனுப்பின வினாத்தாள் யார்கிட்டயாவது இருக்கான்னு. இதுவரைக்கும் பதினொண்ணு வந்திருக்கு.